வெயிலுக்கு வைத்த நேர்த்தி

இனி யன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு கிருபாமூர்த்தி யன்னலோரக் கதிரையிலேயே போய் உட்கார்ந்தார். வேறு எங்கே உட்காருவது, வீட்டில் முதுகு வலிக்காத கதிரை அது ஒன்றுதான். பேப்பரை விரித்தார். எழுத்தில் கண் நிற்கவில்லை, தானாகவே கண்ணாடிக்கு வெளியே போயிற்று. அங்கே என்ன இருந்தது? சாம்பல் நிறம். மலையின் இடுப்புக்கு மேல் சாம்பல், கடலுக்கு மேல் சாம்பல், இரண்டுக்கும் நடுவில் பேர்கன் நகரம் முழுக்க ஈரம். யூன் மாதம் முடியப் போகிறது. கோடையாம் கோடை. நோர்வேக்காரன் அதற்கு ஒரு பெயர் வைத்து, நாட்காட்டியில் அச்சடித்து, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறையும் விட்டிருக்கிறான், வெயிலை விடத்தான் மறந்துபோனான். மே மாதம் வாங்கிய மாடிக் கதிரைகள் இரண்டும் பிளாஸ்டிக் போர்வைக்குள் இருக்கின்றன. நிறுத்தி வைத்த ஹீட்டரை மனைவி தவமலர் போன கிழமை மறுபடி போட்டுவிட்டாள், போடும்போது அவரைப் பார்த்தாள், ஏதோ அவர்தான் மழையைக் கூட்டிக்கொண்டு வந்தது மாதிரி. இந்த ஊர்ச் சனத்துக்கு வானத்தைத் திட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது, பஸ் தரிப்பிடத்தில் முகம் தெரியாதவர்கள் பேசிக்கொள்வதே அதற்காகத்தான். கிருபாமூர்த்தியும் முப்பது சொச்ச வருஷமாக அவர்களோடு சேர்ந்து சிரித்தபடி திட்டியவர். இந்த வருஷம் சிரிக்க முடியவில்லை. அவருக்குப் பசித்தது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகளில் சூரியனைக் கண்ணால் காணாமல் சாப்பிடுவதில்லை என்று அவர் நேர்த்தி வைத்திருக்கிறார், மகள் ஆரணிக்குப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும்வரை. அது அவருக்கும் சூரியனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இரண்டு பேரில் ஒருவர் சொன்ன இடத்தில் சொன்னபடி உட்கார்ந்திருக்கிறார், மற்றவரைத்தான் காணவில்லை.

நேர்த்தி வைத்த நாளை நினைத்தால் அவருக்கு அவர் மேலேயே கோபம் வருகிறது. மே மாதம், இந்த நாட்டுக்காரர் கொடி பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகும் கிழமை. அப்படி ஒரு வெயில். பிறந்த ஊர் இளவாலையில்கூட அப்படி அடித்திருக்காது என்று தோன்றுகிற வெயில், தோட்டத்து மரமெல்லாம் ஊதாப் பூவாய்க் கொட்டி, வெள்ளைக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறால் மாதிரிச் சிவந்துபோய்க் கிடந்தார்கள். அவர் மாடியில் நின்று கண்ணை மூடி முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே தவமலர் தொலைபேசியில் குரலைத் தாழ்த்துவது கேட்டது. குரலைத் தாழ்த்தினால் ஆரணி. குரலைத் தாழ்த்திச் சிரித்தால் அது பிள்ளைச் செய்தி ஒன்றுதான். போன வருஷமும் இப்படித்தான் தாழ்ந்த குரலில் ஒரு செய்தி வந்தது, வீட்டுக்குள் கொஞ்ச நாள் நடமாடியது, பிறகு ஒரு பின்னேரம் தவமலர் அவசரமாகப் பெட்டி அடுக்கி வடக்கே ஆரணி இருக்கும் துரொம்சோவுக்குப் பறந்தாள். "சரிவரேல்லை" என்று விமான நிலையத்திலிருந்து ஒரு சொல். அவ்வளவுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. அவரும் மேலே கேட்கவில்லை, தகப்பன்மார் என்னத்தைக் கேட்பது, வாசலில் பனி கிடந்தது, அதை வழித்துக்கொண்டிருந்தார், வழித்த இடத்தையே திரும்பத் திரும்ப வழித்தார். ஆகவே இந்த முறை தவமலர் வெளியே வந்து, "உங்களிட்டைச் சொல்ல வேண்டாமெண்டவள், மூண்டு மாசம் போகட்டுமாம். நீங்கள் தெரியாத மாதிரியே இருங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனதும், முகத்தில் வெயில், நெஞ்சுக்குள் திக்கென்ற ஒன்று, இரண்டும் சேர்ந்து அவர் வாயைத் திறந்துவிட்டன. சின்ன வயதில் பக்கத்து வளவில் ஒரு மனிதர் இருந்தார், ஞாயிறு விரதக்காரர். சூரியனைக் கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார். அங்கே அது பெரிய காரியமில்லை, பாயில் படுத்தபடியே கும்பிடலாம், கூரை ஓட்டைக்குள்ளாலே வந்து நிற்கும். கிருபாமூர்த்தி அந்த நினைவில் வைத்த நேர்த்திதான் இது. மே மாத ஞாயிறுகளில் அவர் பல்லுத் தீட்ட முன்னமே சூரியன் வந்து குளித்து வெளிக்கிட்டு நின்றது. விரதம் என்றே தெரியவில்லை. இவ்வளவு சுகமான நேர்த்தியைச் சாமி கணக்கில் எடுக்குமா என்றுகூட ஒருநாள் வெட்கப்பட்டார். இப்போது எடுக்கிறது, நன்றாகத்தான் எடுக்கிறது.

அதோ, மலைக்கு வலப்பக்கம் கொஞ்சம் வெளிக்கிற மாதிரி இல்லையா? எழுந்து கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றார். வெளித்தது. இன்னும் வெளித்தது. பிறகு அந்த இடத்திலிருந்துதான் அடுத்த மழை இறங்கியது. சரி, உட்கார். உட்கார்ந்தார். போன ஞாயிறும் இப்படித்தானே ஒரு வெளிப்பு, பின்னேரம் போல, மேகத்துக்குப் பின்னால் வெள்ளையாய் ஒரு வட்டம், தேத்தண்ணிக் கோப்பை வைத்து எடுத்த தடம் மாதிரி. கண் கூசவில்லை. நேரே பார்க்க முடிந்தது. அதைச் சூரியன் என்று சொல்லலாமா? சூரியன் இல்லாமல் வேறு என்ன, பகலில் சந்திரனா வரும்? ஆனால் நிழல் விழவில்லையே. கையை நீட்டிப் பார்த்தார், மாடிப் பலகையில் ஒரு நிழலும் இல்லை. நிழல் விழுத்தாத சூரியன் சூரியனா? அப்போது வயிறு வழக்கறிஞராக எழுந்து நின்று, கண்டதுதான் நேர்த்தி, நிழல் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை என்று வாதாடியது. வயிறு வென்றது. தவமலர் அன்றைக்கு இடியப்பமும் சொதியும் வைத்திருந்தாள், மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். செவ்வாய்க்கிழமை ஆரணிக்கு இரத்தம் பட்டது. கொஞ்சம்தான். வைத்தியசாலைக்குப் போனாள், படம் எடுத்துப் பார்த்தார்கள், பிள்ளையின் நெஞ்சு அடிக்கிறது, சிலருக்கு இப்படி வரும் போகும், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லை என்று தவமலரும் சொன்னாள், சொல்லிவிட்டுச் சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கிருபாமூர்த்தி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவருக்கு அந்த வெள்ளை வட்டம் மட்டும்தான் தெரிந்தது. பிழைதான். அது சூரியன் இல்லை. தெரிந்துகொண்டேதான் சாப்பிட்டேன். சொதியில் கண் போய்விட்டது. படித்த மனிதன் இப்படி யோசிப்பானா, செவ்வாய்க்கிழமை இரத்தத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை இடியப்பத்துக்கும் என்ன சம்பந்தம், ஆரணி கேட்டால் தலையில் கைவைத்துக்கொள்வாள், அவள் பல் வைத்தியர், எக்ஸ்ரேயில் தெரியாத எதையும் நம்புவதில்லை. சம்பந்தம் இல்லைதான். இல்லையென்று அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன, நெஞ்சு கேட்க வேண்டுமே.

ஆகவே இன்றைக்கு ஒரு கள்ள வேலையும் இல்லை. சுத்தமான சூரியன், நிழல் விழுத்துகிற சூரியன், வந்தால் சாப்பாடு, வராவிட்டால் இல்லை. இதை விடியவே உறுதியாகச் சொல்லிக்கொண்டார். தவமலர் முதியோர் இல்லத்து வேலைக்கு வெளிக்கிடும்போது, "புட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் மூடி வைச்சிருக்கிறன். ஆறமுதல் சாப்பிடுங்கோ. குளிசையை மறந்திடாதேங்கோ" என்றாள். "ஓமோம்" என்றார். "ஓமோமெண்டுதான் போன கிழமையும் சொன்னீங்கள். சீனி வருத்தக்காரன் வெறும் வயித்தோடை இருக்கிறதே? ஞாயிற்றுக்கிழமையில உங்களுக்கு என்னவோ பிடிக்குது" என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டே சொன்னாள், நல்லகாலம், பதிலுக்கு நிற்கவில்லை, பஸ் வந்துவிட்டது. இப்போது புட்டு ஆறிப்போயிருக்கும். ஆறட்டும். வெறும் தேத்தண்ணி குடிக்கலாம் என்று அவரே தனக்கு அனுமதி கொடுத்திருந்தார், முதலில் சீனியில்லாமல், பிறகு கை நடுங்கத் தொடங்கியதால் கொஞ்சம் சீனியோடு, அது மருந்து, சாப்பாட்டில் சேராது. பிஸ்கட் சேருமா? பிஸ்கட்டைக் கடிக்க வேண்டியிருக்கிறது, கடிப்பதெல்லாம் சாப்பாடு. தேத்தண்ணியில் முக்கினால் கடிக்க வேண்டியதில்லையே? சீ, என்ன மனிசன் நான். பிஸ்கட் டின்னை அலுமாரியின் மேல்தட்டில், கதிரை போட்டு ஏறினால்தான் எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்ததும் கைபேசியை எடுத்து வானிலை பார்த்தார். காலையில் பார்த்தபோது மத்தியானத்துக்கு நேரே ஒரு பாதி மேகமும் பாதி மஞ்சள் வட்டமும் போட்டிருந்தார்கள். இப்போது அந்த மஞ்சளைப் பின்னேரத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். பின்னேரம் பார்த்தால் இரவுக்குத் தள்ளுவார்கள். இங்கேதான் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறதே, அவர்களுக்கு என்ன, தள்ளிக்கொண்டே போகலாம்.

ஒரு காலத்தில் இந்தச் சூரியனை அவர் கையெடுத்துக் கும்பிட்டதில்லை, கெட்ட வார்த்தையால் ஏசியிருக்கிறார். நாட்டுக்கு வந்த புதிதில் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை, கோடையில் அங்கே சூரியன் இறங்குவதே இல்லை. வேலை முடிந்து செதிள் மணக்க அறைக்கு வந்தால் கட்டிலுக்கு நேரே யன்னலில் நின்று இளிக்கும். குப்பை போடுகிற கறுப்புப் பைகளைக் கிழித்து யன்னலில் ஒட்டினார்கள், அவரும் அறையில் இருந்த மற்ற மூன்று பொடியன்களும். ஒட்டினாலும் ஓரத்தால் கத்தி மாதிரி உள்ளே வரும். போய்த் தொலையேன் சனியனே என்று எத்தனை நாள். அது அப்போது கேட்டு வைத்துக்கொண்டு இப்போது போய்த் தொலைந்திருக்கிறதோ? அப்படி மனசில் வைக்கிற சாமியா அது? எல்லாருக்கும் ஒரே மாதிரிக் காய்கிறது என்றுதானே சொல்வார்கள். பேர்கனுக்கு மட்டும் என்ன குறை வைத்தோம். இரண்டு கிழமைக்கு முந்தின ஞாயிறு, நடக்கப் போகிறேன் என்று தவமலருக்குப் பொய் சொல்லிவிட்டு, உல்லாசப் பயணிகளோடு மலை ரயிலில் ஏறி உச்சிக்குப் போனார், மேகத்துக்கு மேலே போய்விட்டால் அங்கே இருக்கும் என்று ஒரு நினைப்பு. மேலே போனால் மேகம் இன்னும் மேலே நின்றது. மழைக்கோட்டு போட்ட யப்பான்காரர் ஒருவர் தன்னைப் படம் எடுத்துத் தரச் சொன்னார், பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை, இருந்தாலும் சந்தோஷமாகப் பல்லைக் காட்டினார். அன்றைக்கு இரவு சாப்பாட்டு நேரமும் கடந்து, மேகம் ஒரு கீற்று விலகி, எதிர்வீட்டுக் கூரையில் கொஞ்சம் மஞ்சள் விழுந்தது, ஓடிப்போய்ப் பார்த்தார், இருந்தது, உண்மையான சூரியன், கண்ணில் நீர் வரப் பார்த்தார். ஆனந்தமா, கூச்சமா என்று அவருக்கே தெரியவில்லை. அந்தக் கிழமை முழுக்க ஆரணி நன்றாக இருந்தாள். பார்த்தீர்களா? மறுபடியும் அங்கேயேதான் வந்து நிற்கிறது.

குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டால் கொஞ்சம் நேரம் போகும் என்று கீழே இறங்கினார். அதுதான் பிழையாய்ப் போயிற்று. கீழ்வீட்டு இங்கர் கிழவி குடையோடு ரோஜாச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள், மழையில் மொட்டு விரியாமலே அழுகிப்போயிருந்தது. அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது, ஆனால் வானத்தைப் பழிக்கும்போது குமரியாகிவிடுவாள். "இது கோடை இல்லை கிருபா, இது ஒக்டோபருக்கு ஒத்திகை" என்றாள். சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். "இன்னொன்று தெரியுமோ, நாள் குறையத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம். இனி இருட்டுப் பக்கம்தான் நடை" என்று சொல்லி, எல்லா வருஷமும் இந்தக் கிழமையில் சொல்லும்போது வருகிற அதே திருப்தியோடு குடையைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போனாள். இந்த வசனத்தை அவர் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார், அங்கே அவர் பராமரிப்பாளர், கட்டிடத்துப் பூட்டுக்கெல்லாம் திறப்பு அவர் கையில்தான், ஆசிரியர்கள் கோப்பிக் கோப்பையோடு நின்று இதையேதான் சொல்வார்கள். பஸ்ஸில் கேட்டிருக்கிறார், மீன்கடையில் கேட்டிருக்கிறார். கோடை தொடங்கவே இல்லை, அதற்குள் நாள் குறைகிறது என்று ஒப்பாரி வைக்கிற சனம் உலகத்தில் வேறு எங்கும் இருக்காது என்று தவமலரோடு பகிடி பண்ணியிருக்கிறார். இன்றைக்கு அந்த வசனம் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்து நிறுத்தியது. நாள் குறைகிறது. குறைந்துகொண்டே போகும். ஆரணிக்குப் பிள்ளை எப்போது? மார்கழிக் கடைசி.

மார்கழி. எப்படி இது மண்டையில் ஏறாமல் போயிற்று? மே மாத வெயிலில் நின்று, மார்கழி வரைக்கும் சூரியனைக் கண்டபிறகுதான் சாப்பிடுவேன் என்று பேர்கனில் இருந்துகொண்டு நேர்த்தி வைத்த முதல் மனிதன் கிருபாமூர்த்தியாகத்தான் இருக்க வேண்டும். வாய் இங்கே இருந்தது, நேர்த்தி இளவாலையில் நின்று வைத்தது. கார்த்திகை பிறந்தால் இந்தத் தெருவுக்குச் சூரியனே வராது. தெற்குப் பக்கத்து மலைக்குப் பின்னால் எழும்பி, மலைக்குப் பின்னாலேயே நடந்து, அங்கேயே படுத்துவிடும். தை மாதம் முதல்முதல் வெயில் படும் நாளில் இங்கர் வாசலில் கதிரை போட்டுப் போர்வை சுற்றிக்கொண்டு கோப்பி குடிப்பாள், திருவிழா மாதிரி. பிள்ளை பிறக்கும்வரை அவர் ஞாயிறுகளில் என்ன செய்வது? சனி இரவு இரட்டிப்பாகச் சாப்பிட்டுத் திங்கள் வரைக்கும் இருக்கலாம், உடம்பு தாங்கினால். சனிக்கிழமைகளில் விமானம் ஏறி ஸ்பெயினுக்குப் போகலாம், லொத்தர் விழுந்தால். வேறு நேர்த்திக்கு மாற்றிக் கேட்கலாமா? காவடி எடுக்கிறேன், மொட்டை போடுகிறேன், இருக்கிற நாலு மயிரையும் தருகிறேன், இதை மட்டும் விட்டுவிடு என்று? நேர்த்தியை மாற்றுகிறவன் பிள்ளையை விலை பேசுகிறவன் மாதிரி அல்லவா? மாடிப்படி ஏறி வந்தார். கதவைத் திறந்ததும் கத்தரிக்காய்க் குழம்பின் மணம், மூடி போட்டும் அடங்காத மணம், நேரே வந்து கழுத்தைப் பிடித்தது. அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. ஆரணி. வீடியோ அழைப்பு.

அவள் முகம் திரையில் வருவதற்குள் அவர் ஆயிரத்தை நினைத்துவிட்டார். வந்தது. கட்டிலில் தலையணையில் சாய்ந்து, தலைமயிரை உச்சியில் அள்ளிக் கட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து. "அம்மா எங்கை அப்பா? போன் எடுக்கிறா இல்லை."

"அம்மா வேலைக்குப் போட்டா பிள்ளை. ஏன், என்ன? திரும்பவும்..." அவர் தெரியாத மாதிரி இருக்க வேண்டியவர் அல்லவா. செவ்வாய்க்கிழமையோடு அந்த நாடகம் முடிந்துபோனது அவருக்குப் பிறகுதான் நினைவு வந்தது.

"இல்லையப்பா, அது ஒண்டுமில்லை. சத்தி. நேற்றுப் பின்னேரத்திலயிருந்து ஒண்டும் வயித்தில தங்குதில்லை. டொக்டரோடை கதைச்சனான். கொஞ்சம் கொஞ்சமாயாவது சாப்பிடட்டாம். சாப்பிடாட்டித்தான் ஆசுப்பத்திரியில வந்து படுக்கச் சொல்லுவினமாம்." பக்கத்தில் ஒரு கோப்பையைத் தூக்கிக் காட்டினாள். "சோறும் தயிரும். பாக்கவே ஏலாமக் கிடக்கு. கரண்டியைத் தூக்கினால் தொண்டை மூடிக்கொள்ளுது."

"மதுரன்?" மதுரன் மருமகன்.

"கடலுக்குள்ள எண்ணெய்க் கிணத்து வேலைக்குப் போட்டார், வர இன்னும் ஒரு கிழமை கிடக்கு." கோப்பையையே பார்த்தாள். "தனிய இருந்து சாப்பிட்டால்தான் இப்பிடி வருது. போனமுறையும் தனிய இருக்கேக்கைதான் அப்பா. குசினியில நிண்டனான். ஒருத்தரும் இல்லை."

அவருக்கு இது தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் பனி வழித்துக்கொண்டு நின்ற பின்னேரம் அவள் அங்கே குசினி அடுப்படியில் தனியாக நின்றிருக்கிறாள். "ம்" என்றார். தகப்பன் என்று ஒருவன் இருந்து, ம்.

"நீங்கள் சாப்பிட்டாச்சோ?" என்றாள்.

"இன்னும் இல்லை."

"மத்தியானமாகப் போகுது! குளிசை போடேல்லையோ? அம்மாக்குத் தெரிஞ்சால் கொலைதான் விழும்." அவள் முகத்தில் முதல்முறையாக ஒரு சின்ன வெளிச்சம். "அப்ப எடுத்துக்கொண்டு வாங்கோவன். ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவம். ஆரும் முன்னாலை இருந்து சாப்பிட்டால் எனக்கும் இறங்கும் போல கிடக்கு."

கிருபாமூர்த்தி கைபேசியைப் பிடித்தபடி நின்றார். வயிறு ஒன்று சொல்லிற்று, நேர்த்தி ஒன்று சொல்லிற்று. மூன்றாவதாய் ஒரு நப்பாசை தலையை நீட்டியது, அவள் இருக்கிற இடத்தில் இப்போது சூரியன் மறையாத காலம் அல்லவா, போனில் கண்டாலும் கண்டதுதானே, தேர்த் திருவிழாவைப் போனில் பார்த்துத் தவமலர் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லையா? "பிள்ளை, உங்கை வெயில் இருக்கோ?"

"என்னது?"

"வெயில். யன்னலுக்கு வெளியாலை ஒருக்காக் காட்டு பாப்பம்."

அவள் ஒன்றும் விளங்காமல் போனைத் திருப்பினாள். வெள்ளைப் புகார், மூடுபனி. எதிரே கடல் இருக்க வேண்டிய இடத்திலும் புகார், பாலத்தின் ஒரு துண்டு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. "ராவு பகலாச் சூரியன் நிக்கிற ஊராம் இது" என்றாள் அவள் குரல். "எங்கை நிக்குதெண்டு கண்டுபிடியுங்கோ பாப்பம். நேற்று மழையோடை பனியும் கொட்டினது. ஏன் கேக்கிறீங்கள்?"

"சும்மா." "நீ சாப்பிடு பிள்ளை. நான் பாத்துக்கொண்டு இருக்கிறன். நான் இஞ்சையே இருப்பன்."

"நீங்கள் பாத்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்பிடி இறங்கும்?" திரையில் அவள் முகம் திரும்ப வந்தது. கரண்டியை எடுத்தாள், நுனியில் நாலு பருக்கை, வாய்வரை கொண்டுபோனாள், கண் கலங்கிற்று, கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட்டாள். "பரவாயில்லையப்பா. உங்களுக்குப் பசியில்லைப் போல. பிறகு பாக்கிறன். வைக்கிறன்."

"வைக்காதை!" என்று கத்தினார். அவருக்கே அந்தச் சத்தம் புதிதாக இருந்தது. "வைக்காதை பிள்ளை, பொறு, நான் எடுத்துக்கொண்டு வாறன்." கைபேசியைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்தார், அது வழுக்கி விழுந்தது, மறுபடி சாத்தினார். கை கழுவினார். கழுவும்போது தண்ணீரோடு சேர்ந்து எல்லாம் ஓடிற்று, அரைகுறைச் சூரியனைக் கண்டு சாப்பிட்டதற்கே செவ்வாய்க்கிழமை அப்படி என்றால், ஒன்றுமே காணாமல், தெரிந்துகொண்டே, கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிடுவதற்கு என்ன வரும், எந்தக் கிழமை வரும், நாளைக்கா, நாளை மறுநாளா, தொலைபேசி எந்த நேரம் அடிக்கும், தவமலர் எந்தப் பெட்டியை எடுப்பாள். ஆனால் அவள் சாப்பிடவில்லையே. வயிற்றுக்குள் இருக்கிறது என்னத்தைத் தின்னும், என் நேர்த்தியையா தின்னும்? இஞ்சை பார், என்று அவர் யாரிடமோ சொன்னார், மேகத்துக்குப் பின்னால் இருப்பவரிடமோ குசினிச் சுவரிடமோ, பிழை பிடிக்கிறதென்றால் என்னைப் பிடி. காலைப் பிடி, கண்ணைப் பிடி, சீனி வருத்தம் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கூட்டு. நான்தான் வாக்குத் தந்தேன், நான்தான் மீறுகிறேன், அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. தட்டில் புட்டைப் போட்டார். குழம்பை ஊற்றினார். எண்ணெய் மேலே படிந்து ஆறிக் கிடந்தது. குழைத்தார். தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கைபேசிக்கு முன்னால் வந்து ஒரு பெரிய வாயாக அள்ளினார்.

"என்னப்பா இது, இவ்வளவு பெரிய வாயோ?" என்றாள் ஆரணி.

"எனக்குப் பசி" என்றார். அது உண்மைதான். "எங்கை, கரண்டியை எடு. நான் வைச்ச உடனை நீ வைக்க வேணும்."

"முதல் நீங்கள்."

வாயில் வைத்தார். நேர்த்தி முடிந்துபோயிற்று. ஒன்றும் இடிந்து விழவில்லை, புட்டு நெஞ்சில் அடைத்தது, தேங்காய்ப்பூ பல்லில் பட்டது, கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்காமல் மென்று விழுங்கினார். அவள் கரண்டியை வாய்க்குள் வைத்தாள். வைத்துவிட்டுப் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணையும் மூடிக்கொண்டாள். திரையில் ஒன்றும் அசையவில்லை, படம் நின்றுவிட்டதோ என்று விரலை நீட்டப் போனார். அப்போது அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"ம்" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "இறங்கிட்டுது. நிப்பாட்டாதேங்கோ அப்பா."

அவர் நிறுத்தவில்லை. பயமும் நிற்கவில்லை, பயத்தோடேயே அடுத்த வாயைக் குழைத்து எடுத்தார்.